முகம் சுளித்தவளுக்கு

நீ இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய். எங்கள் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் ஒரு எலி செத்துக் கிடந்தது. மருமகள் ரோஜா வாசனை வரும் டப்பா ஒன்றை வாங்கி வந்து, காலையும் மாலையும் அறைக்குள் புஸ்ஸென்று அடித்துக்கொண்டிருந்தாள். வந்துபோன விருந்தாளி ஒருவர், "வீடு கமகமன்னு இருக்கே" என்று பாராட்டிவிட்டு வேறு போனார். செத்த எலிக்கு ரோஜாப்பூ! "பீரோவை நகட்டுங்கடா" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நகர்த்தினோம். இருந்தது. விவரமாக எழுதமாட்டேன், நீ எங்கே இருந்தாலும் குமட்டுவாய்.

அள்ளிப் போட்டுவிட்டுக் கை கழுவும்போது உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்ததால் உன் சாவுக்கு என்னால் வர முடியவில்லை. அதற்காக வருத்தத்தோடு நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் அருவருப்புதான் முதலில் வருகிறது. உன் மேல் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் மேல்.

பெயரை எழுதப் போவதில்லை. காரைக்குடியில் அப்போது இருந்த ஆஸ்பத்திரிகளில் அது ஒன்று, இப்போது இல்லை, அவ்வளவு போதும். அறுபதுகளின் கடைசி. ஓரளவு படித்த பெண்பிள்ளைகளைத் துணைச் செவிலியர் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மூன்று மாதம் தொடக்கப் பயிற்சி. அது முடிந்ததும் தொப்பி சூட்டுவார்கள். தொப்பி கிடைத்தவள் மேலே படிக்கலாம். கிடைக்காதவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு வீட்டுக்குப் போவது அவமானம். உனக்கு அது கல்யாணம். உன் அத்தா, எங்கள் வீட்டு வழக்கில் அப்பா, மலாயாவில் கடை வைத்திருந்தார். இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டது அவருடைய அண்ணன், உன் பெரியத்தா. அவர் உனக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரரைப் பேசி வைத்திருந்தார். உன்னைவிட ரொம்ப மூத்தவர். நீ அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு வாக்கு வாங்கினாய். "தொப்பி வாங்கிட்டா படி. வாங்காம திரும்பி வந்தா நாங்க சொன்ன எடத்துல கழுத்த நீட்டு" என்றாராம். இதை நீ முதல் நாளே, கட்டிலில் விரிப்பு விரிக்கப் பழகும்போது, என் காதோடு சொன்னாய். சிங்கம்புணரிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண்ணான எனக்கு, யாரிடமும் இப்படிப் பேரம் பேசலாம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாடம் ஒன்றும் கஷ்டமில்லை. மரப் பொம்மையைக் குளிப்பாட்டினோம். கத்திரிக்காய்க்கு ஊசி போட்டோம். ஒருத்தி தலையில் ஒருத்தி கட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தோம். எல்லாவற்றிலும் நீ என்னைவிடக் கெட்டி. முகப் பாடம் ஒன்றுதான் உனக்கு வரவில்லை.

அந்தப் பாடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் டியூட்டர் சிஸ்டர் ஒரு எனாமல் பேசினில் வார்டிலிருந்து எதையாவது கொண்டுவருவார். சீழ் பிடித்த கட்டுத்துணி, சளிக் கோப்பை, ஒருநாள் கழுவாத பெட்பேன். மேலே மூடிய துணியை ஒவ்வொருத்தியின் மூக்குக்குக் கீழேயும் விலக்கிவிட்டு, பேசினைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "நர்ஸ் முகம் கழுவி வெச்ச பீங்கான் தட்டு மாதிரி இருக்கணும். ஒண்ணும் ஒட்டக்கூடாது" என்பார். எனக்கு ஒட்டவில்லை. மாட்டுக் குளம்பில் புழு எடுத்து வளர்ந்தவள் நான். உனக்கோ, துணியை விலக்குமுன்னே மூக்கு சுருங்கும், உதடு கோணும், கண்ணில் தண்ணீர் முட்டும். முக்காட்டை இழுத்து மூக்கை மூடப் பார்ப்பாய், அதற்கும் திட்டு விழும். "பெயிலு" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போய்விடுவார்.

நாம் விடவில்லை. விடுதிக்குப் பின்னால் எடுப்புக் கக்கூஸ் இருந்ததே, அங்கே கைக்கண்ணாடியோடு போய் நின்றோம். நான் கதவைத் திறப்பேன், நீ கண்ணாடியைப் பார்த்து முகத்தைப் பிடித்து நிறுத்துவாய். கன்னத்தை உள்ளே கடித்துக் கடித்து உன் வாயெல்லாம் புண். ஒருநாள் கக்கூஸ் அள்ள வந்த அம்மாள் கூடையோடு நின்று நம்மைப் பார்த்து, "ஏந்தாயி, அழகு பாக்க வேற எடமே கெடைக்கலியா? இங்குட்டு வந்து நிக்கிறீக?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. நீ சிரிக்கவில்லை. அவர் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நம்ம சிஸ்டர் இதுக்கும் தட்டு மாதிரிதான் மூஞ்சிய வச்சிருப்பாகளா?" என்று கேட்டாய். ஊரே அந்தக் கூடையைப் பார்த்து மூக்கைப் பொத்தியது, அதை அந்த அம்மாள் தலையில் வைத்தவர்களைப் பார்த்து யாரும் பொத்தவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. அன்று காலை பெண்கள் வார்டில் ஆளுக்கொரு நோயாளி. உடம்பு துடைத்து, வாய் கழுவிவிட்டு, விரிப்பு மாற்ற வேண்டும். சிஸ்டர் நின்று பார்த்து முடிவு சொல்வார். மாலையில் தொப்பி. தொப்பி சூட்டுவதற்காக நேமத்தான்பட்டியிலிருந்து பெரிய வீட்டு ஆச்சி ஒருவர், ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்தவர், காலையிலேயே பரிவாரத்தோடு வந்துவிட்டார். அவர் வருகிறார் என்று வார்டு முழுக்கப் பினாயில் ஊற்றி, அதன்மேல் சாம்பிராணி போட்டு, அதற்கும் மேல் ஒவ்வொரு கட்டிலிலும் பவுடர் தூவி வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

உனக்கு வாய்த்தது கோவிலூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். நீ அவர் போர்வையை விலக்கியதும் உன் முகத்தைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். முகம் கசக்கிப் போட்ட துணியாகிவிட்டது. சிஸ்டர் தொண்டையைக் கனைத்தார். நீ கன்னத்தைக் கடித்தாய். பிறகு கடிப்பதை விட்டுவிட்டாய், அதையும் நான் பார்த்தேன்.

"சிஸ்டர், இந்தக் கட்டுக்குள்ள என்னமோ அழுகுது. நாறுது."

"பேசாம வேலையப் பாரு" என்றார் சிஸ்டர், உதடு அசையாமல்.

வார்டு நர்ஸ் ஓடிவந்து சிரித்தார். "வேர்வைம்மா. மாவுக்கட்டுன்னா அப்பிடித்தான் இருக்கும்" என்று ஆச்சிக்கும் சேர்த்துச் சொன்னார்.

நீ வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாய். வார்டுக் கோடியில் இருந்த கழுவு தொட்டியில் நீ வாந்தி எடுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆச்சி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார், உன் வாந்திக்காக. முடிந்தது, இனிப் பெட்டி கட்ட வேண்டியதுதான். நீ திரும்பி வந்தாய். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கில் தண்ணீர் வழிய, அதே சுளித்த முகத்தோடு வந்து அந்தக் கட்டிலருகே நின்றாய்.

"மூஞ்சி தட்டு மாதிரி இல்லன்னா என்னைய வீட்டுக்கு அனுப்புங்க. மொதல்ல இந்தக் கட்ட வெட்டுங்க."

அப்போதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தார். "நாலஞ்சு நாளா உள்ளுக்க ஊருது தாயி. சொன்னேன். அரிப்புன்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

டாக்டர் வந்தார். ஆச்சி நிற்கிறார் என்பதால் மறுக்க முடியவில்லை, வெட்டினார்கள். உள்ளே கட்டு அழுத்திப் புண்ணாகி, சீழ் வைத்து, புழு நெளிந்தது. மாட்டுக் குளம்பில் பார்த்தவள்தான் நான், எனக்கே தலை சுற்றியது. அத்தனை பேரும் தினமும் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், தட்டு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பவுடர் தூவிக்கொண்டு. அந்த அம்மாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மத்தவுகல்லாம் சிரிச்சுக்கிட்டே போனாக. ஒன் மூஞ்சியப் பாத்த பெறகுதான் எனக்கு உசுரு வந்துச்சு."

கால் பிழைத்தது. தொப்பி பிழைக்கவில்லை. மத்தியானம் மேட்ரன் உன்னைக் கூப்பிட்டு, நோயாளி முன்னால் வாந்தி எடுத்ததும் பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தியதும் இந்தத் தொழிலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். நான் உள்ளே போய், "அப்ப அந்தக் கால் போயிருந்தா ஆகுமா?" என்று கேட்டேன். "நீயும் அவகூடப் போறியா?" என்றார். போகத்தான் இருந்தேன். நீதான் என்னை வெளியே இழுத்து வந்தாய். "மூக்கு உள்ளவ ஒருத்தியாச்சும் உள்ள கெடடி" என்றாய். வாசலில், முடிவு கேட்க வந்திருந்த உன் பெரியத்தா குதிரை வண்டியோடு நின்றார். அவர் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஜெயித்தவருக்குத் திட்ட என்ன இருக்கிறது?

மாலையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி சொன்னோம். ஆச்சி என் தலையில் தொப்பியை வைத்தார். டாக்டர் பேசினார். இந்த ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியும் கவனிக்கப்படாமல் போவதில்லை, இன்று காலை நடந்ததே அதற்குச் சாட்சி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டியூட்டர் சிஸ்டரும் தட்டினார். கஞ்சி போட்ட அந்தத் தொப்பி நெற்றியில் உறுத்திக்கொண்டு இருக்க, நான் உன்னை மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் போதாது, யாரும் பார்க்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து யோசித்தால், சிஸ்டர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. தன் உடம்பைப் பார்த்து அடுத்தவர் முகம் கோணினால் படுத்திருப்பவருக்குக் கூசும். ஆனால் அவர் நமக்குக் கற்றுக்கொடுத்தது கூச்சம் போக்க இல்லை. வாடையே இல்லை என்று நாமே நம்புவதற்கு. ஊர் ஊராக மாற்றலாகி, பின்னால் நானே டியூட்டராகிப் புதுப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பாடம் எடுத்தபோது பேசினைத் தூக்கி எறிந்தேன். "வாடை வந்தா வாயைத் திறந்து சொல்லு. சொல்லிட்டுக் கையை வை" என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அது உன் பாடம். உன் பெயர் சொல்லித்தான் எடுத்தேன்.

நாம் பார்த்துக்கொண்டது கொஞ்சம்தான். கல்யாண வீடு, பெருநாள், இரண்டு மூன்று தடவை பஸ் ஸ்டாண்டில். உன் ஜவுளிக்கடைக்காரரைப் பற்றிக் கேட்டால், "தங்கமான மனுசருதான், கொறட்டை மட்டும் வீட்டத் தூக்கும்" என்பாய். வேறு என்ன செய்கிறாய் என்று கேட்டால், "சோறாக்குறேன், திட்டுறேன்" என்பாய். நானும் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் கண் கொஞ்சம் தெளிந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் என்னைச் சாச்சி, அதாவது சின்னம்மா, என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவள்தான் சொன்னாள், உங்கள் தெருவில் எந்தப் பெண் மௌத்தானாலும், அடக்கத்துக்கு முன்னால் மய்யித்தை, அந்த உடம்பை, குளிப்பாட்ட உன்னைத்தான் கூப்பிடுவார்களாம். "மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டேதான் குளிப்பாட்டுவாக சாச்சி. கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்துட்டு வந்து மறுபடி குளிப்பாட்டுவாக. முதுகுல படுக்கைப் புண்ணு இருந்துட்டா அம்புட்டுத்தான். அழுதுக்கிட்டு இருக்குறவுகளப் பாத்து, உசுரோட கெடந்தப்ப பொரட்டிப் போட ஒரு கையில்லியா உங்களுக்குன்னு கத்துவாக. அதுக்குப் பயந்தே எங்க தெருவுல படுத்துட்ட ஆளுகளைச் சுத்தமா வச்சிருப்பாக. அப்புறம் உசுரோட இருக்கையிலயே அம்மாவக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாக."

ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லையே நீ! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தொப்பி வாங்கியவள் என்பதால் நான் சிரிப்பேன் என்று நினைத்தாயா?

உன் கடைசிக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டதாம். கை கால் அசைவு இல்லையாம். முகம் மட்டும் மிச்சம்.

"துணி நனைஞ்சுட்டா மூஞ்சியச் சுளிப்பாக சாச்சி. அத வச்சுத்தான் மாத்துவேன். ஒரு புண்ணு வர விடலை நான். அன்னைக்கு விடிஞ்சதும் போய்ப் பாத்தேன். துணி நனைஞ்சு கெடந்துச்சு. மூஞ்சி சும்மா இருந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்த அமைதியான முகத்தை நான் பார்க்காமல் போனதே நல்லது. என்னிடம் இருப்பது, வாந்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குத் திரும்பி வந்த முகம். அது எனக்குப் போதும்.