பேறுகாலப் படகுக்காக வாய் திறந்த கண்காணி

நீர் நிறைக! நெல் விளைக! நாடெங்கும் முகம் மலர்க!

மேற்கு மலை முதல் கீழ்க்கடல் வரை ஒரு குடை நிழலில் காத்தருளும் ஞாழல் நாட்டுப் பெருவேந்தர், எளியோர் சொல்லுக்குச் செவி கொடுப்பதில் இளைப்பறியாதவர், கோ இளவெயினனார் திருவடிகளுக்கு, அவர் பணியால் கயல்வாய்க் கோட்டத்தை ஆளும் தலைவி நல்லினி தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தலைநகரில் அரண்மனையும், அரசியார் திருவுள்ளமும், பட்டத்து யானையின் பசியும் நலமே என்று நம்புகிறேன். இங்கும் நலம். நலம் என்று சொல்லி நிறுத்துவதும் குறைவுதான். நேற்று முதல் எனக்குத் தலை கால் புரியவில்லை. எழுதும்போதே சிரிப்பு வந்து எழுத்தாணி வழுக்குகிறது. எழுத்துக் கோணினால் பொறுத்தருள வேண்டும்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவரீர் கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் கோட்டங்களுக்கு வரும் ஊரறக்கொடைப் பொன் இவ்வாண்டும் குறைவின்றி வந்து சேர்ந்தது. இலாபம் கருதாமல் ஊருக்கு உழைக்கும் அறக்கூட்டங்களுக்கு அதனை நேற்று அவை கூட்டிப் பகிர்ந்தளித்தோம். எல்லாம் முறைப்படியே நடந்தது, ஒன்றைத் தவிர. பகிர்வை மேற்பார்க்கத் தேவரீர் அனுப்பிய கண்காணி அழிசியார், அவை நடுவே எழுந்து ஒரு கூட்டத்துக்காகப் பரிந்து பேசிவிட்டார். கண்காணி எவர்க்கும் பரிந்து பேசலாகாது, பேசினால் அவர் பதவி போகும், அவர் பரிந்து கேட்ட கொடையும் வேந்தர் ஒப்புதலின்றிச் செல்லாது என்பது தேவரீர் ஆணை. ஆகவே இப்போது ஒரு படகும் ஒரு மனிதரின் பதவியும் தேவரீரின் தலையசைப்புக்காகக் காத்திருக்கின்றன. நடந்தது முழுவதையும் கேட்டபின், தலையை எப்பக்கம் அசைப்பது என்பதைத் தேவரீரே முடிவு செய்தருள்க.

கயல்வாயில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எங்கள் அவையில் எந்தக் கூட்டமும் தனக்கென்று கேட்கக்கூடாது. வந்திருக்கும் கூட்டங்களின் பெயரெழுதிய ஓலை நறுக்குகளைக் குடத்திலிட்டுக் குலுக்குவோம். ஒவ்வொரு கூட்டத்தாரும் ஒரு நறுக்கை எடுப்பர். கையில் எவர் பெயர் வந்ததோ அவருக்காக எழுந்து கேட்கவேண்டும். ஒருவர் ஒருமுறைதான் பேசலாம். எடுத்த நறுக்கை மாற்றவும் முடியாது; எடுத்தவர் தவறினால், அவையில் இன்னும் பேசாத ஒருவர் அவர்க்குப் பதிலாய்க் கேட்கலாம். தமக்காகப் பேச எவரும் இல்லாத கூட்டத்தின் பங்கு, பொழுது சாய்ந்ததும் தலைநகர்க்கே திரும்பிவிடும். பிறர்க்காகக் கேட்பவர் கண்ணால் கண்டதை மட்டுமே சொல்வர் என்று எண்ணி எம் முன்னோர் இவ்வழக்கத்தை வைத்தனர். அழிசியாரிடம் இதனை விளக்கியபோது, இக்கோட்டத்தில் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறீர்களா என்று மிகுந்த மரியாதையோடு வினவினார். அவர் முகம் தேவரீர் அறிந்ததே. இடி விழுந்தாலும் அதில் ஒரு சுருக்கம் கூடவோ குறையவோ செய்யாது.

குடம் குலுங்கியது. அடடா, அதன் குறும்பை என்னென்று சொல்வேன்! கீழைவீதித் தண்ணீர்ப்பந்தல் கூட்டத்துக்கும் மேலைவீதித் தண்ணீர்ப்பந்தல் கூட்டத்துக்கும் பல ஆண்டுப் பகை. அவர்கள் மோரில் ஆறு ஓடுகிறது என்று இவர்களும், இவர்கள் மோரில் தவளை நீந்துகிறது என்று அவர்களும் ஊரெல்லாம் தூற்றித் திரிபவர்கள். கீழைவீதியார் கையில் மேலைவீதியார் பெயர் வந்தது. மேலைவீதியார் கையில் கீழைவீதியார் பெயர் வந்தது. அவை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது.

கீழைவீதித் தலைவர் எழுந்தார், அமர்ந்தார், மறுபடி எழுந்தார். வேறு வழியின்றி உண்மையைக் கக்கினார். குறை கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு தலையில் முக்காடிட்டு மேலைவீதிப் பந்தலுக்குத் தாம் போனதாகவும், முதற் குவளையில் உப்புச் சரியாக இருந்ததால் எரிச்சலுற்று மறு குவளை கேட்டதாகவும், அதுவும் நன்றாயிருந்து தொலைந்ததால் இன்னொன்றும் குடித்ததாகவும், வண்ணாரின் கழுதைகளுக்குக்கூட அங்கே தனித்தொட்டி வைத்திருப்பதைக் கண்டு மனம் இளகித் திரும்பியதாகவும் கூறினார். உடனே மேலைவீதித் தலைவர் முகம் சிவந்து எழுந்து, அன்று கீழைவீதிப் பந்தலில் தம் எதிரி இல்லாத காரணம் இப்போதுதான் விளங்குகிறது என்றும், அதே நேரத்தில் தாமும் முக்காடிட்டு அங்கே மோர் குடித்துக்கொண்டிருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். அவை சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டனர். இருவர்க்கும் கொடை வழங்கினேன். அழிசியார் மட்டும் சிரிக்கவில்லை.

மற்றவர்களும் ஒவ்வொருவராய்ப் பேசி முடித்தபின், கடைசியாக எழவேண்டியவர்கள் திடல் மல்லர்கள். தீப்பிடித்த வீட்டிலிருந்து ஆளையும் பானையையும் தூக்கி வருவது இவர்கள் செய்யும் அறம், நல்ல பிள்ளைகள். ஆனால் பந்தயத்தில் ஈட்டும் கூட்டத்துக்கு அறக்கொடை இல்லை என்பது தலைநகர் விதி. பந்தயம் கட்டுவது உண்டோ என்று அழிசியார் வினவ, சென்ற திருவிழாவில் ஒரு கிடாயை வென்றோம், அதன் கறி அத்தனை சுவை என்று அவர்கள் பெருமையோடு விடையளித்தனர். போதாதா? நீங்கள் தகுதி இழந்தீர் என்று அழிசியார் விதியைச் சுட்டினார். அவர்கள் தலை குனிந்து வெளியேறினர்.

அவர்கள் போனபின்தான் எனக்குச் சுரீர் என்றது. மல்லர் கையிலிருந்த நறுக்கு, மருத்துவச்சியர் கூட்டத்தின் பேறுகாலப் படகு.

அப்படகைப் பற்றித் தேவரீர்க்குச் சொல்லவேண்டும். எங்கள் ஆற்றின் நடுவே தீவுகள் பல. மழைக்காலத்தில் அங்குள்ள பெண்களுக்கு இடுப்புவலி கண்டால், மற்ற ஓடக்காரர் எவரும் துறையை விட்டு அசையமாட்டார். சேந்தி என்னும் மருத்துவச்சியும் அவள் தோழியரும் மட்டுமே, தீவிலிருந்து அழைப்புச் சங்கு கேட்ட மாத்திரத்தில் படகைத் தள்ளிக்கொண்டு போவர். படகிலேயே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தொட்டில் உண்டு. கூலி வாங்குவதில்லை. ஆனால் படகின் அடிப்பலகை இற்றுவிட்டது. சென்ற மழையில் ஒருத்தி வலியில் துடித்தபடியே தன் கையால் தண்ணீர் இறைத்துக்கொண்டு கரை வந்தாள். இவ்வாண்டு பலகை மாற்றாவிட்டால் படகு தாங்காது. அடுத்த மழைக்கு இன்னும் நெடுநாள் இல்லை.

எனவே படகுக்குப் பேச ஆளில்லை. அவையில் மற்ற எல்லோரும் தத்தம் முறையில் பேசி முடித்துவிட்டனர். நானோ நடுவர், தீர்ப்புச் சொல்லும் முன் நான் பேசலாகாது. சேந்தி பின்வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்தாள். பருத்த உடம்பு, அகன்ற முகம், எப்போதும் எதையோ நினைத்துச் சிரிப்பவள். நேற்று அவளும் சிரிக்கவில்லை. அழிசியாரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வாசலில் வெயில் மஞ்சளாகிவிட்டது.

அப்போதுதான் அழிசியார் எழுந்தார். கொடை திரும்புகிறது என்று அறிவிக்கப் போகிறார் என எண்ணினேன். அவர் சொன்னது வேறு.

கோட்டத்தின் நிலையை மறைவாய் அறியும்பொருட்டு, அவைக்குச் சில நாள் முன்பே தாம் எளிய வழிப்போக்கராய் வந்ததாகக் கூறினார். மலையில் பெய்த திடீர் மழையால் ஆற்றில் வெள்ளம் கண்டு ஓடக்காரர் மறுத்துவிட, தீவிலிருந்து திரும்பும் வழியில் அக்கரை தொட்ட மருத்துவச்சியர் படகில்தான் தாம் ஏறியதாகவும், நடு ஆற்றில் குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்ததாகவும், அழுததாகவும், அம்மா அம்மா என்று கூவியதாகவும் கூறினார். கேளுங்கள் வேந்தே, அதே அசையாத முகத்தோடு கூறினார்! மருத்துவச்சியர் தம்மைப் பேறுகாலக் கட்டிலில் கிடத்தினராம். இடுப்பைத் தேய்த்துவிட்டனராம். மூச்சை இழுத்து விடு தாயே, ஆயிற்று, இன்னும் கொஞ்சம்தான், நல்லபடியாக முடியும் என்று, வலி கண்ட பெண்ணுக்குச் சொல்வதையெல்லாம் சொன்னராம். சுக்கும் பனைவெல்லமும் காய்ச்சிப் புகட்டினராம். படகு கரை தட்டியதும், பழக்கதோஷம், ஒருத்தி தன்னை மறந்து குலவையும் இட்டுவிட்டாளாம்.

அழிசியார் தொடர்ந்தார். தம் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த சேந்தி ஏன் ஒரு காலை அசைக்காமல் வளைந்தே நின்றாள் என்பது தமக்கு அப்போது விளங்கவில்லை என்றும், கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் படகின் ஓட்டையை அவள் குதிகால் அடைத்திருந்தது தெரிந்தது என்றும் கூறினார். தாம் அவையில் நுழைந்த கணமே அவள் தம்மை அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊரே தம்மைப் பார்த்துச் சிரித்திருக்கும். தனக்கென்று கேட்கலாகாது என்ற வழக்கத்துக்காகவும், தம் மானத்துக்காகவும், படகே போனாலும் போகட்டும் என்று அவள் வாயை மூடியிருந்தாள் என்றார். தாம் இன்னும் பேசாதவர் என்றும், பதவி போகும் என்பது தெரிந்தே பேறுகாலப் படகுக்காகக் கேட்பதாகவும் சொல்லி அமர்ந்தார்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். சேந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பெண்கள் கூட்டமாய்க் குலவையிட்டனர். அதைக் கேட்டு மல்லர்கள் உள்ளே ஓடிவந்து அழிசியாரைத் தோளில் தூக்கிவிட்டனர். இறக்கிவிடுமாறு அவர் ஆணையிட்டார், எவரும் செவிசாய்க்கவில்லை. வெயில் வாசற்படியை விட்டு இறங்கும் முன், படகுக்குக் கொடை என்று நான் தீர்ப்புரைத்தேன். தேவரீர் ஒப்புதல் வரும்வரை அப்பொன் பூட்டியே கிடக்கும்; தச்சர்கள் உளியோடு துறையில் காத்திருக்கிறார்கள்.

தோளிலிருந்து இறங்கியதும் அழிசியார் என்னிடம் வந்து தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தந்தார். தம் குற்றத்தை ஒளிவின்றி வேந்தர்க்கு எழுதவேண்டும் என்றும், அவ்வோலையைத் தாமே கொண்டு சேர்ப்பதாகவும் கூறினார். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்க்கட்டுமா என்றேன். இவ்வூரில் எவரும் தமக்கென்று கேட்பதில்லை அல்லவா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சரியான ஆள்தான்! வந்த அன்றே எங்கள் வழக்கத்தைப் பழித்தவர், இப்போது எங்களைவிடக் கடுமையாய் அதனைக் காக்கிறார்.

ஆனால் வேந்தே, எவருக்காகவும் பேசாதவர் நேற்று அவையில் இன்னொருவரும் உண்டு. அது நான். தீர்ப்பு முடிந்துவிட்டது, இனி நானும் பேசலாம். அழிசியாருக்காக நல்லினி கேட்கிறேன். படகுக்கு ஒப்புதல் தந்தருள்க. அவருக்கு மோதிரத்தைத் திருப்பித் தந்தருள்க. அதனை இவ்வோலையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இது தம்மேல் எழுதிய குற்றவோலை என்றே அவர் எண்ணிச் சுமந்து வருகிறார்.

கயல்வாய்க் கோட்டத்து இரட்டை மீன் முத்திரையை அரக்கில் பதித்து, வழிக்காவலர் அனைவர்க்கும் நான் இடும் ஆணையாவது: இவ்வோலை கொண்டு வருபவரை எத்துறையிலும் ஓடத்தில் ஏற்றாது, பாலங்கள் வழியே அனுப்புக, சாவடிதோறும் சுக்குநீர் தருக.

தேவரீரிடம் இன்னும் ஒரு வேண்டுகோள் மட்டும். இன்று காலை தீவிலிருந்து சங்கு ஒலித்தது. படகில் ஓர் ஆள் குறைந்தது. அழிசியார் எவரையும் கேளாமல் ஏறிவிட்டார். சேந்தியைக் கட்டிலருகே போகச் சொல்லிவிட்டு, ஓட்டையில் தம் காலை வைத்து நின்றிருக்கிறார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அவருடைய வலது குதிகால் வீங்கியிருக்கிறது, வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். இப்போது அவர் முகம் அசையாமல் தேவரீர் முன் நின்றுகொண்டிருப்பார். சிரிப்பு வந்தால் சிரித்தருள்க, ஆனால் முதலில் அவருக்கு ஓர் இருக்கை தரச் சொல்லுங்கள்.