படப்புச் சோற்றில் உன் பங்கு

இராஜாக்கமங்கலம்
18-4-1953

சிரஞ்சீவி தாணுமாலயனுக்குச் சித்தப்பா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் சித்தி பகவதியம்மாளும் செவலைப் பசுவும் சுகம், கொழும்பில் நீயும் உன் புத்தர் கோயில் பெரிய சாமியும் சுகம்தானா என்று மறு தபாலில் ஒரு வரி போடவும். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்தது, நம்ம வயல்போல விளைச்சல் நாஞ்சில் நாட்டிலேயே இல்லை என்று அறுக்க வந்தவர்களே மலைத்துப்போனார்கள், போன வருஷத்தைவிடக் குறைவு என்கிறாள் உன் சித்தி, அவளுக்குக் கண் சரியில்லை.

உன் கடிதத்தைச் சாயாக் கடையில் வைத்து எல்லாருக்கும் சத்தமாக வாசித்தேன். பௌர்ணமிதோறும் அரச மரத்தடியைப் பெருக்கி, வருகிறவர்களுக்குக் குடிதண்ணீர் எடுத்துவைக்கிறேன், சபைப் புத்தகத்தில் என் பேரை எழுதிக்கொண்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நான் வாசித்ததில் நீ அந்தக் கோயிலுக்கே தலைவன், யானைமேல் போகிறாய். பத்து நாள் எனக்கு நல்ல மரியாதை. அப்புறம் கடியப்பட்டணத்துக் கருவாட்டு வியாபாரி சுந்தரராஜ் கொழும்பு போய்த் திரும்பினவன் வந்து, ஓய், உம்ம மவன் ஆனைமேலயும் இல்ல குதிரைமேலயும் இல்ல, வாரியலும் கையுமால்லா மரத்தடியப் பெருக்கிட்டு நிக்கான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். கடையே சிரித்தது, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவன் சொன்னான், ஒரு பௌர்ணமிக்கு நீ காய்ச்சலில் போகவில்லையாம், பெரிய சாமி பாதிப் பூசையில் எங்கே தாணு என்று மூன்று பேரிடம் கேட்டு, கஞ்சி கொடுத்து ஆள் அனுப்பினாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஏன் என்று சொல்கிறேன் மக்கா. அதே கடிதத்தில் நீ, நம்ம அம்மன் கோயிலில் இருப்பதுபோல இங்கேயும் என் பேர் இருக்கிறது, வைகாசிக் கொடைத் திருவிழாவுக்கு வருகிறேன், பேர் கூப்பிடும்போது ஒரு தடவையாவது நானே நின்று பங்கு வாங்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். நம்ம அம்மன் கோயிலில் உன் பேர் இல்லை. ஒரு வருஷமும் இருந்ததில்லை. உன் அம்மை அன்னக்கிளி வேறு ஜாதி என்று நீ பிறந்தபோதே எழுத மறுத்துவிட்டார்கள். என் அண்ணன், உன் அப்பன், சாகும்வரை அதற்காகச் சண்டை போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். அம்மனுக்குப் படைத்த படப்புச் சோற்றை ஆம்பிளைகளுக்குப் பேர் சொல்லி இலையில் கொடுப்பார்களே, எனக்குக் கிடைத்ததைத்தான் வரும் வழியில் தென்னந்தோப்பில் உட்கார்ந்து இரண்டாக்கி, வேறு இலையில் கட்டிக் கொண்டுவருவேன். கொடையன்று உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகாமல் வருஷா வருஷம் பசுவுக்குக் காவல் வைத்தது அதற்காகத்தான். உன் பேரை எட்டு ஊருக்குக் கேட்கும்படி கூப்பிட்டார்கள் என்று சொல்வேன். நீ அந்தச் சோற்றைக் கண்ணில் ஒற்றித் தின்பாய்.

போன செவ்வாய் கொடைக்குக் கால்நாட்டிப் பேர் வாசித்தார்கள். நான் சிங்கம்போல எழுந்து தாணுமாலயன் பேர் எங்கே என்று கர்ஜித்தேன். அது பொய். எழுந்தது உண்மை, குரல்தான் வரவில்லை. ஊர்த் தலைவர், முதலடி கணபதியப்பன் என்ன ஓய் என்று இரண்டு தடவை கேட்டபிறகுதான் சொன்னேன். இருபத்தாறு வருஷமா இல்லாத வாய் இப்பம் எங்கேருந்து ஓய் வந்தது என்றார். உன் பேரை எழுதவில்லை. என் பேரை வாசித்தபோது நான் கை தூக்கவில்லை, அதனால் இந்த வருஷம் எனக்கும் பங்கு கிடையாது. நான் செய்தது அவ்வளவுதான், அதைவிடப் பெரிதாக யார் சொன்னாலும் நம்பாதே, நானே சொன்னாலும் நம்பாதே. இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் நம்ம வீட்டில் உனக்கு இலை உண்டு, சித்தி இப்போதே ஒரு கோழியைப் பார்த்துவைத்திருக்கிறாள், புத்தர் கோயிலில் சேர்ந்தபின் நீ கறி தின்பதில்லை என்றால் முன்கூட்டி எழுது, கோழியாவது பிழைக்கட்டும். வெயிலில் தலையில் துண்டு கட்டாமல் பெருக்காதே. சுசீந்திரத்துச் சாமியும் உன் புத்தரும் உன்னை நன்றாக வைக்கட்டும். என்னை நினைத்து மனம் கசந்து வீட்டில் படுத்துவிடாதே, அடுத்த பௌர்ணமிக்கு மறக்காமல் போ. அங்கே உன்னைத் தேடுவார்கள்.

உன் சித்தப்பா
வள்ளிநாயகம்