ஆறாவது பெட்டியில் எழுதியிருந்த ஊர்

பாப்பா,

நான் அப்போதே சொன்னேன். நீ முதன்முதலாகச் சிறுசேரி வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறிய காலையில், சேலையூர் கேம்ப் ரோட்டில் நின்றுகொண்டு உன் அம்மாவிடம் சொன்னேன்: "அக்கா, எழுதி வெச்சுக்கோ. இவ ஒரு எடத்துல நிக்கமாட்டா. நாலு ஊர் சுத்துவா. கடைசியில இங்கதான் வந்து நிப்பா." எண்ணிக்கைகூடத் தப்பவில்லை. பெங்களூரு, ஐதராபாத், கொச்சி, புனே. அதற்குக் கீழே தாம்பரம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கா என்று எங்கள் தெருவே அசந்துபோயிற்று.

விரலில் இன்னும் அந்தப் பழுப்பு டேப்பின் வாசனை இருக்கிறது. உன் ஆறு பெட்டிகளும் புனேயிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் பிரிக்கலாம் என்றாள் அக்கா. டேப்பைக் கிழித்ததும் ஒரு நெடி வந்தது பார், அது நீ ஊர் மாறும் நாளின் நெடி. என் குட்டியானை வண்டி இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி இறக்கியிருக்கிறது. ஆனால் உன்னைப்போல் சாமான் கட்டுகிறவளை நான் பார்த்ததில்லை.

எல்லோரும் பெட்டிமேல் உள்ளே இருப்பதை எழுதுவார்கள். சமையல், புத்தகம், துணி என்று. நீ போகிற ஊரை எழுதினாய். அங்கிருந்து கிளம்பும்போது ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே அடுத்த ஊர். பெட்டியைத் தூக்கிப் போடவும் மாட்டாய். மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வாய்.

"எதுல இன்னா கீதுன்னே தெரியலையே பாப்பா?"

"பிரிச்சா தெரிஞ்சுடப் போவுது மாமா. எங்க போறோம்னு தெரிஞ்சா போதாதா?"

வெப் டிசைனர் என்றால் என்ன என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொன்னேன். கடைக்குக் கதவும் ஜன்னலும் பெயர்ப்பலகையும் கம்ப்யூட்டருக்குள்ளே போடுகிற வேலை என்றேன். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதானே, பிறகு ஏன் ஊர் ஊராகப் போகிறாள் என்று அக்கா குமுறினாள். அவளிடம் நீ பதில் சொல்லவில்லை. பெருங்களத்தூரில் பெங்களூரு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னாய்.

"ஒரே ஊர்ல இருந்தா கண்ணு மரத்துப்போவுது மாமா. புது ஊர்ல போர்டு படிக்கத் தெரியாது பாரு, அப்பத்தான் எழுத்தெல்லாம் படமாத் தெரியும். அது வேணும் எனக்கு."

எனக்குப் புரிந்தது என்று தலையாட்டினேன். பெங்களூரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், என் பெயரைச் சொல்லு என்றும் சேர்த்துக்கொண்டேன். நீ பஸ் படியில் நின்றபடி, "மாமா, கொஞ்சம் கம்மி பண்ணிக்கோ" என்றாய். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு இருபது நிமிஷத்தில் வண்டியை விட்டவன் நான் என்று அளந்தபோது, "நடுவுல மேடவாக்கம் சிக்னல்னு ஒண்ணு இருக்கு மாமா, அது லீவா அன்னிக்கு?" என்று கேட்டவள்தானே நீ.

ஆனால் என் கதைகளை நீ வீணாக்கவில்லை. ஒரு பக்கத்தை வரைந்து காட்டும்போது, கடைக்காரர் எழுதித் தருகிற வரைக்கும் எழுத்து வரவேண்டிய இடத்தில் ஏதாவது பொய் எழுத்தை நிரப்பி வைப்பார்களாம். மற்றவர்கள் அர்த்தமில்லாத எதையோ போடுவார்கள். நீ என் கதைகளைப் போட்டாய். கொச்சியில் ஒரு பல் டாக்டருக்குப் பக்கம் செய்தபோது அதை மாற்ற மறந்து, அப்படியே வெளியே விட்டுவிட்டாய். பல் பிடுங்க வந்த மலையாளிகள் அரை நாள் முழுக்க, நான் ஒற்றை ஆளாகப் பீரோவை மூன்று மாடி ஏற்றிய வரலாற்றைத் தமிழில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் வந்துவிட்டது.

"ஏன் பாப்பா, என் கதையைப் போயி போடுற?"

"காலியா விட்டா பாக்கறவங்களுக்குப் பயமா இருக்கும் மாமா. நெஜம் வர்ற வரைக்கும் உன் கதை நிக்கட்டும்."

என் வண்டிக்கும் ஒரு பக்கம் செய்து கொடுத்தாய். அதில் நீ நிரப்பிய கதையே இன்றும் நிற்கிறது. உனக்கு நிஜம் தேவைப்படாது மாமா என்று விட்டுவிட்டாய்.

போன பொங்கலுக்கு வந்தபோது அக்கா உன்னிடம் கேட்டாள். உன் அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். கரும்பை நறுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"போதும்டி சுத்தினது. வந்துடேன்."

"பாக்கலாம்மா."

அவ்வளவுதான். கோபமில்லை, சண்டையில்லை. ஆனால் அந்த 'பாக்கலாம்மா' அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஆடி மாதம் மூன்று நாள் காய்ச்சல் என்றாய். நாலாம் நாள் காலையில் உன்னோடு தங்கியிருந்த பெண் போன் செய்தாள். நான் விமானம் ஏறியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். அதைப் பற்றி ஒரு கதையும் சொல்லமாட்டேன், பாப்பா. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது உன்னையும் கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகு அக்கா அழவில்லை. என்னைக் கேட்டாள். காபி ஆற்றும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்பாள்: "டேய், அவ வர்றதா இருந்தாளா? உங்கிட்ட எல்லாம் சொல்வாளே. ஏதாவது சொன்னாளா?" தட்டில் போட்ட சோறு காய்ந்துபோகும். எதற்கும் பதில் வைத்திருக்கும் நான் வண்டியைத் துடைக்கப் போய்விடுவேன். அவள் பாதியாக இளைத்துவிட்டாள். இது நான் கூட்டிச் சொல்வதல்ல, வளையல் முழங்கைவரை ஏறியது.

உன் தோழி அந்தப் பழைய பெட்டிகளிலேயே சாமானைக் கட்டி லாரியில் போட்டுவிட்டாள். பெருங்களத்தூர் லாரி ஆபீசுக்குப் போய் நான்தான் எடுத்துவந்தேன். இறக்கி வைத்ததும் ஆறாவது பெட்டியை அக்காவிடம் காட்டினேன். நாலு ஊரும் அடித்திருந்தது. புனேயின் மேலும் ஒரு கோடு. கீழே, தாம்பரம்.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து நகர்த்தினாள்.

"மத்த பெட்டியில ஏன்டா இல்ல?"

"இப்பத்தான் கட்ட ஆரம்பிச்சிருக்கா. மொத பெட்டி இது. அந்தப் பொண்ணே சொல்லிச்சுக்கா."

அப்போதுதான் அழுதாள். சாயங்காலம் இரண்டு இட்லி சாப்பிட்டாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இப்போது அந்தப் பெட்டியைக் காட்டுகிறாள். நானும் பக்கத்தில் நின்று, அப்போதே சொன்னேனே என்கிறேன்.

இன்று மற்ற ஐந்தையும் பிரித்தோம். இதை மட்டும் பிரிக்கவேண்டாம் என்று உன் அறையில், சுவரோரம் வைத்தாள். வைத்துவிட்டு அந்த எழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் சிலேட்டில் என் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் அவள். "சாப்ட்டுப் போடா" என்றாள்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுதாதவள் நீ, உனக்குத் தெரியாதா? அந்த லாரி ஆபீஸ் வாசலில், வண்டிக்குப் பின்னால் நின்று நான் எழுதியது அது. ஆறு பெட்டியிலும் புனே கோடு விழாமல் அப்படியே இருந்தது. பில் போடுகிறவரிடம் மார்க்கர் வாங்கி முதலில் அந்தக் கோட்டைப் போட்டேன். ஊர்ப் பெயரை ஒரு பெட்டியில்தான் எழுத முடிந்தது. மார்க்கரைத் திருப்பித் தர மறந்துவிட்டேன். இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் முன்னாலேயே சொன்னவன் என்கிறார்களே, பாப்பா. புனேக்குக் கீழே நீ எந்த ஊரை எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது.