வாய் திறந்து சொல்ல வேண்டும்

பண்டாரவளை
1912 நவம்பர் 28

என் ஸவாஹிராவுக்கு,

உன் கூட்டாளி ஸுபைரா ஸலாம் சொல்லி எழுதுவது. ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. ஹுமைத் நானாவின் தாயில்லாப் பிள்ளைகள் இரண்டுக்கும் இருமல். மற்றபடி அல்லாஹ் உதவியால் சுகம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் கூடப்பிறந்த ஹுமைத் நானாவுக்கு உன்னைக் கொடுக்க உன் வாப்பா ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார். நிகாஹ் ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை. நீ எனக்கு மதினியாக வரப்போகிறாய் என்று நினைத்து அடுப்படியில் தனியாகச் சிரிக்கிறேன். பைத்தியம் என்று பிள்ளைகள் பார்க்கின்றன.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. கன்னிப் பெண் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். புருஷனை இழந்தவள் அப்படியல்ல, வாய் திறந்து சொல்ல வேண்டும், சாட்சிகள் இரண்டு பேர் காதால் கேட்க வேண்டும் என்கிறார் நிகாஹ் எழுதும் லெப்பை. உன்னை எனக்குத் தெரியாதா? திரைக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவாய். சாட்சிகள் அஸர் தொழுகை வரைக்கும் காத்திருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போவார்கள்.

அதனால் இன்று முதல் பழகு. நாளுக்கு ஒருவரிடமாவது மனதில் இருப்பதைச் சத்தமாகச் சொல். முதலில் வேண்டாததை வேண்டாம் என்று சொல். அது வந்துவிட்டால் வேண்டியதைச் சொல்ல நாக்கு தானாகப் புரளும். என்ன சொன்னாய், யாரிடம் சொன்னாய் என்று எனக்கு எழுது. ஏமாற்றாதே.

உன்
ஸுபைரா


பதுளை
1912 டிசம்பர் 9

அன்பு ஸுபைராவுக்கு ஸவாஹிராவின் ஸலாம்.

இங்கே பத்து நாளாக மழை. நமுனுகுலை மலையைக் காண்பதே அரிது. காலையில் பின்னறை ஜன்னலைத் திறந்தால் வெள்ளையாக ஒன்றுமே இல்லாத ஓர் இடம் இருக்கிறது. அதற்குள் யாரோ மெல்ல நடக்கிற மாதிரி தோன்றும். சில நாள் அது நானாகவும் இருக்கும். உனக்கு இதெல்லாம் விசர்க் கதை, பைத்தியக்காரப் பேச்சு. ஆனாலும் சொல்லச் சொன்னது நீதானே.

பதினாறு வயதில் என் முதல் நிகாஹ் எப்படி நடந்தது என்று உன்னிடம்கூடச் சொன்னதில்லை. வாப்பா வந்து கேட்டபோது பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அது கட்டில் கால் வரைக்கும் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி என் காதில் விழவே இல்லை. புள்ளைக்கு வெட்கம் என்று சொல்லி, சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

கட்டியவர் ஷுக்ரி நல்ல மனிதர். அவருக்குக் கருவாடு என்றால் உயிர், எனக்கோ அந்த வாடையே ஆகாது. எட்டு வருஷம் ஆக்கினேன், தின்றேன். மொனராகலைக்கு வியாபாரத்துக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு மௌத்தாகும் வரைக்கும் அவருக்கு அது தெரியாது. சொல்லியிருந்தால் மறுநாளே விட்டிருப்பார். இத்தாவில் நாலு மாதம் வீட்டோடு இருந்தபோது இதை நினைத்துத்தான் அதிகம் அழுதேன்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். முதல் நாள் பூனையிடம் சொன்னேன். சிரிக்காதே. நாலாம் நாள் பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மாவிடம். ஸுபஹு தொழுத கையோடு வந்து, ளுஹர் தொழுகை வரைக்கும் ஊர்க்கதை பேசுவாளே, அவளிடம். "இன்னக்கி எனக்குத் தனிய இருக்கணும் போல ஈக்கிது" என்றேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்!

அந்தக் காலை முழுக்க எனக்கே எனக்கு. ஒன்றும் செய்யவில்லை. பனி விலகி, மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்துக்குத் திரும்பி வருவதைப் பார்த்தேன். இருபத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு பொழுது என்னுடையதாக இருந்தது, ஸுபைரா. அதை என்னவென்று எழுத?

ஸவாஹிரா


பண்டாரவளை
1912 டிசம்பர் 20

அடி கள்ளி,

ரஹ்மத்தும்மாவையே திருப்பி அனுப்பிவிட்டாயா? இனி உனக்கு லெப்பை எம்மாத்திரம்! மூன்று தடவை வாசித்துச் சிரித்தேன்.

இனி மற்றச் சொல்லைப் பிடி. தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று இருபது தடவை "சம்மதம்" என்று சொல். ஜன்னலை மூடிவிட்டுச் சொல்.

இங்கே எனக்கு மூச்சு விட நேரமில்லை. நானாவுக்குச் சோறு சூடாக வேண்டும், சின்னதுக்குத் தலை வார வேண்டும், பெரியதுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் தாய், மதினி, மௌத்தான கிழமை இங்கே வந்தவள் நான், இரண்டு வருஷம் ஆகிறது. ஹல்துமுல்லையில் என்னவர் புஹாரி தனியாகக் கடையையும் பார்த்துக்கொண்டு தானே ஆக்கித் தின்கிறார். மாதம் ஒரு தடவை வந்து, விருந்தாளி மாதிரி கதிரை நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். என் புருஷனை நான் வழியனுப்பி வைக்கிறேன், பார். நீ வந்துவிட்டால் நானும் என் வீட்டுக்குப் போவேன். நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஸுபைரா


பதுளை
1913 பெப்ரவரி 3

அன்புள்ள ஸுபைரா,

செய்தி இதற்குள் உனக்கு வந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்தார்கள். வாப்பா, சாட்சிக்குப் பலீல் மாமாவும் இன்னொருவரும். ஹுமைத் நானாவின் பெயரைச் சொல்லி வாப்பா கேட்டார். இந்த முறை கேள்வி முழுவதும் காதில் விழுந்தது. நீ சொன்னபடி இருபது தடவை பழகிய சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. நான் சொன்னது வேறு.

"இல்ல வாப்பா. எனக்கு விருப்பமில்ல."

"யாரு பேசின?" என்றார் பலீல் மாமா.

"உள்ளுக்கு வேற யாரும் இல்ல" என்றார் வாப்பா.

மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவை குரல் நடுங்கவில்லை. வாப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை அறை வாசலில் வந்து நின்று, "வேற என்னெல்லாம் சொல்லாம வெச்சீக்கிற புள்ள?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னேன். வெகுநேரம் பேசினோம்.

உன் நானாவிடம் ஒரு குறையும் இல்லை. உனக்கு மதினியாக வர எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவருக்கு மனைவியாக ஆசை இல்லை. இரண்டும் ஒன்று என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நீ கற்றுக் கொடுத்ததை உன் தலையிலேயே இறக்கிவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். என் வீட்டுக்குப் போகிறேன் என்று ஹுமைத் நானாவிடம் நீ ஒரு நாளாவது சொன்னாயா? இல்லை, நான் வந்தால் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் காத்திருந்தாயா?

ஸவாஹிரா


ஹல்துமுல்லை
1913 ஏப்ரல் 2

ஸவாஹிராவுக்கு,

இரண்டு மாதமாய், எட்டுக் கிழமை, உனக்கு எழுதவில்லை. ஆத்திரம். உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் எரியவில்லை. சோறு வடிக்கும்போதும் அதுதான், தலை சாய்த்தாலும் அதுதான்.

நான் சொன்னதே இல்லை. ஊரே வாயாடி என்று சொல்லும் எனக்கு, நானாவுக்கு முன்னால் அந்த ஒரு வாக்கியம் வர ஆறு நாள் பிடித்தது. தினமும் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைப்பேன், திரும்பி வருவேன். ஏழாம் நாள் சொன்னேன். "அப்ப புள்ளைகள யாரு பாக்குற?" என்றார். "நீங்க பாருங்க நானா. நான் வந்து வந்து போறேன்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் பேசவில்லை. வண்டி ஏறும்போது சின்னது என் முந்தானையை விடவில்லை, ஸவாஹிரா.

இங்கே வந்து பத்து நாள். காலையில் வாசலில் நின்றால் கீழே தூரத்துச் சமவெளி முழுவதும் நீலமாகத் தெரிகிறது. அதன் மேல் மேகத்தின் நிழல் ஊர்ந்து போகிறது. நேற்று அதைப் பார்த்துக்கொண்டே பாலைப் பொங்க விட்டுவிட்டேன். புஹாரியும் வந்து பக்கத்தில் நின்றார்.

நீ எனக்கு மதினி ஆகவில்லை. அந்த வருத்தம் போகாது, போய்விட்டது என்று பொய்யும் எழுத மாட்டேன். மழை தொடங்க முன்னே ஒரு தடவை வந்து என்னோடு இரு. வர மனமில்லை என்றால், இல்லை என்று எழுது. அதையும் பத்திரமாக வைத்திருப்பேன்.

உன்
ஸுபைரா