பால் வற்றக் கட்டிய பூ

அக்கா, இன்று காலை ஜெலுத்தோங் பசாரில் பூக்காரப் பெண் ஒருத்தி மல்லிகைச் சரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "வாங்கிக்கங்க அக்கா, படத்துக்குப் போடலாம் லா" என்றாள். வாசம் ஏறியதும் அவள் கையைத் தட்டிவிட்டேன். பூ சாக்கடையில் விழுந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. உங்கள் படத்துக்குச் சாமந்திதான் போடுகிறேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா என்பதால் உங்களை அப்படிக் கூப்பிட்டேனே தவிர, பாசத்தால் இல்லை. என் குழம்பைக் குறை சொல்வீர்கள். நான் சட்டியை டொம்மென்று வைப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில் நம் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

ஏழாம் மாதத்திலேயே என் மகள் பிறந்துவிட்டாள். தோலுக்கு அடியில் நரம்பு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் விட்டிருந்தார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நர்ஸ் மிஸி, "பால எடுத்து அனுப்புங்கம்மா, குழாயில விடுறோம்" என்றாள்.

உங்கள் அம்மா வேறு முடிவில் இருந்தார். தங்காத பிள்ளைக்காகப் பால் கட்டி இவளும் காய்ச்சலில் விழவேண்டாம் என்றார். அவருக்கும் அப்படி ஒன்று போயிருந்ததாம். மார்பில் மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று முழம் முழமாக வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தது பிள்ளையின் அப்பா, உங்கள் தம்பி.

உங்கள் சின்னம்மா என் தோளை அமுக்கிக்கொள்ள, உங்கள் அம்மா பூவை வைத்துத் துணியால் இறுக்கினார். கடித்தேன், உதைத்தேன். பிரசவத் தையல் பிரிந்து சேலையில் ரத்தம் இறங்கியது.

அப்போதுதான் பேக்டரி ஷிப்டு முடிந்து உள்ளே வந்தீர்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. காய் நறுக்கும் கத்தியால் அந்தத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தீர்கள். தடுக்க வந்த தம்பிக்கு விட்ட அறையில் அவர் மூக்கு உடைந்தது.

"பெத்துப் பாத்தவளாடி நீ?" என்று உங்கள் அம்மா கத்தினார். பிள்ளை இல்லாத உங்கள் முகம் ஒரு கணம் செத்துப்போனது.

"பெக்கல லா! ஆனா உசுரோட இருக்கற பிள்ள சோத்துல கை வைக்க மாட்டேன். இன்னொரு தடவ பூவோட வந்தா வெட்டிருவேன்!"

என்னிடமும் அன்பாகப் பேசவில்லை. "அழுதது போதும், பால எடு" என்று அதட்டினீர்கள். கொதிக்கவைத்த போத்தலில் அதை ஊற்றித் தினமும் வேலைக்குப் போகும் முன் மோட்டாரில் கொண்டுபோனீர்கள். "இன்னிக்குக் கூடக் கொஞ்சம் குடிச்சா" என்பீர்கள், அவள் வாயால் சப்பிக் குடித்த மாதிரி.

சில வாரங்கள்தான். ஒரு மத்தியானம் அவள் மூச்சு நின்றுவிட்டது.

சாவு வீட்டில் உங்கள் அம்மா, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தார். என் கையிலிருந்த செம்பு பறந்துபோய் அவர் நெற்றியைப் பிளந்தது. எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள். நீங்கள் குறுக்கே விழுந்து அத்தனை அடியையும் வாங்கினீர்கள். என்னைக் கட்டிக்கொண்டு, "பசியோட போகல லா அவ, வயித்துல ஒம் பாலோட போனா" என்றீர்கள்.

மற்ற அம்மாக்களுக்கு முதல் சொல், முதல் நடை என்று நினைக்க எவ்வளவோ இருக்கும். அவளைப் பற்றி எனக்கு இருப்பது இது ஒன்றுதான், அக்கா: என் மகள் என் பாலைக் குடித்தாள். இதை யாராவது என்னிடமிருந்து பிடுங்க வந்தால் இன்றைக்கும் கொன்றுவிடுவேன்.