லீவு கேட்கிற மதினி

மதினி,

இன்று விடிந்ததுமே நல்ல மழை. "பள்ளிக்கூடம் லீவு" என்று தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பழக்கத்தில் மதினியானவர் நீங்கள். 'லீவு' என்ற சொல்லை உங்களைப்போல் பாடாய்ப் படுத்தியவர் யாருமில்லை.

மின்சாரம் போனால் கரண்டுக்கு லீவு. பரோட்டா வாங்கினால் அடுப்புக்கு லீவு. அண்ணன் குடிக்காமல் வீடு திரும்பினால், "ஒயின்ஷாப்புக்கு இன்னைக்கு லீவு போல" என்று அவர் காதுபடவே சொல்வீர்கள். நான் ஓயாமல் பேசினால், "ஏத்தா, வாய்க்குக் கொஞ்சம் லீவு விடு."

பட்டாசுக் கம்பெனியில் நமக்கு லீவு என்றால் இடி இடிக்கும் நேரம்தான். மின்னலில் மருந்து பற்றிவிடும் என்று, வேலையைப் போட்டது போட்டபடி அறையைவிட்டு வெளியேறி, தூரத்துக் கொட்டகையில் உட்கார வேண்டும். அங்கே நீங்கள் அடிக்கும் அரட்டைக்காகவே இடி வராதா என்றிருக்கும்.

தீபாவளி சீசனில் போர்மேனிடம் லீவு கேட்பது, அவர் சொத்தில் பங்கு கேட்பது மாதிரி. என் மகன் காய்ச்சலில் அனத்திய அன்று எனக்கு நாக்கு எழவில்லை. நீங்கள்தான் போய் நின்றீர்கள். "அண்ணாச்சி, இவளை அனுப்பி வைங்க. இவ பங்கு வெடிச் சரத்தையும் நானே பின்னித் தாரேன்."

உங்களுக்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. வேனில் திரும்பும்போது ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "சீசன்ல நான் செத்தாலும் ஒருத்தியும் வரமாட்டீக. லீவு கிடைக்காதுல்லா." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

சொன்னபடியே சீசனில்தான் போனீர்கள். மஞ்சள்காமாலை என்றார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விடிந்ததும் கம்பெனி வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. லோடு ஏற்ற லாரி காத்திருக்கிறது, ஒருத்தியும் நிற்கக்கூடாது என்று போர்மேன் சொல்லி அனுப்பியிருந்தார். பாதிப் பேர் ஏறியும்விட்டார்கள். நான் டிரைவரின் செல்போனை வாங்கினேன். போர்மேனைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, லீவு வேணும். எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்."

"அப்ப நாளைல இருந்து வராதீக!"

"சரிங்க அண்ணாச்சி."

வேனிலிருந்து ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். தூக்குவாளியும் கையுமாக உங்கள் வாசலுக்கு வந்து, உட்கார்ந்து அழுதோம். வேன் காலியாகத் திரும்பிப் போனது.

மறுநாள் அதே வேன் வந்தது. சரம் பின்ன ஆள் வேண்டுமே!

இப்போதும் புதிதாக வந்தவள் யாராவது வாய் திறக்கத் தயங்கினால் நான்தான் முன்னால் போய் நிற்கிறேன். 'லீவு கேட்கிற மதினி' என்றே என்னைக் கூப்பிடுகிறார்கள். அது உங்கள் பெயர், மதினி. திருப்பித் தர எனக்கு மனசில்லை.