எழுந்து சொல்லாதது

ஜூலை 5, சனி

காலையிலிருந்து ஒரே காத்து. ஸ்ரீரங்கத்துல மாடிக் கொடியில ஒரு துணி நிக்கல.

பேச்சு மன்றம், நாலாவது வாரம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடி ஹால். பதினாறு பேர். சீட்டு எடுத்து, வர்ற தலைப்புல ரெண்டு நிமிஷம் பேசணும். எனக்கு வந்தது: ‘நான் பார்த்த தைரியம்’.

எழுந்தேன். மூணாவது வரிசையில எங்க ஸ்கூல் பிலோமினா டீச்சர். ஊதாப் புடவை, விரல்ல சாக்பீஸ் தூள். அவங்க இறந்து ஒரு வருஷம் ஆச்சு.

நாப்பது செகண்டுல உட்கார்ந்துட்டேன். மன்றத் தலைவர் கணேசன், “பரவாயில்ல வசந்தி மேடம், அடுத்த வாரம் ஆறு நிமிஷத்துக்குத் தயார் பண்ணிட்டு வாங்க.”

ஜூலை 8, செவ்வாய்

9-பி டெஸ்ட் பேப்பர் திருத்தணும். கேஸ் புக் பண்ணணும்.

எதைப் பேசுறதுன்னு யோசிச்சா அது ஒண்ணுதான் வருது. இங்கயாவது எழுதி வைக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஸ்கூல்ல அரையாண்டு கணக்குப் பேப்பர் வெளிய போச்சு. பீரோ சாவி பிலோமினா டீச்சர்கிட்ட. பழி அவங்க மேல. ஆனா பீரோவைத் திறந்து கவரை எடுத்தது தாளாளரோட மச்சான். வராண்டாவுல நின்னு நான் பார்த்தேன். டீச்சர்கிட்டயும் சொன்னேன். “விசாரணையில எழுந்து சொல்லிடுறேன் டீச்சர்”னு கையப் பிடிச்சுச் சொன்னேன்.

விசாரணை அன்னிக்கு, “வேற யாராவது ஏதாவது பார்த்தீங்களா?”ன்னு கேட்டாங்க. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

எழுந்திருக்கல.

அப்ப எங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்ல. அதுதான் காரணமா? தெரியல. அவங்களுக்கு வேலை போச்சு. அதுலேர்ந்து எட்டாம் மாசம் ஸ்ட்ரோக்ல போயிட்டாங்க.

ஜூலை 12, சனி

அதையே, பேரை மாத்தி, ஸ்கூலை ஆபீஸாக்கி, பேசிட்டேன். முழுசா ஆறு நிமிஷம். அதே மூணாவது வரிசை. கண்ணைக்கூட சிமிட்டல அவங்க.

கைதட்டல். கணேசன், “விசாரணை இடத்துல விட்டீங்களே ஒரு இடைவெளி, பிரமாதம். கை அசைவு மட்டும் இன்னும் கொஞ்சம் வேணும்.” சிறந்த பேச்சாளர் சான்றிதழ். அடுத்த செயலாளரும் நான்தானாம்.

சான்றிதழைப் பையில திணிச்சுக்கிட்டு இறங்கிட்டேன்.

பஸ்ல பக்கத்து சீட் காலி. பை வைக்கக் கை வரல.

ஜூலை 13, ஞாயிறு

எடமலைப்பட்டி புதூர். டீச்சரோட வீட்டுக்காரர் அந்தோணி சார் சர்ச்சுல பூசை முடிஞ்சு அப்பத்தான் வந்திருந்தார். “வாங்க டீச்சர், காபி சாப்பிடுறீங்களா?”

சொன்னேன். முன்னும் பின்னுமா, அழுதுக்கிட்டே, பாதி வாக்கியம் முடியாம.

அந்தோணி சார்: “தெரியும். அவ சொல்லியிருக்கா. வசந்தி டீச்சர் ஒரு நாள் வந்து சொல்லுவாங்கன்னு. ஆஸ்பத்திரியில பேச்சு நின்ன பிறகும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் உங்களைத்தான் தேடுறான்னு நினைச்சுக்கிட்டேன்.”

காபி ஆறிப்போச்சு.

“என்கிட்ட சொல்லி என்ன டீச்சர் ஆகப்போவுது? அங்க, ஸ்கூல்ல சொல்லுங்க.”

ஜூலை 14, திங்கள்

வீட்டுல இவர்: “வேலை போயிடும் வசந்தி.” தெரியும்னேன். தட்டை எடுத்து வச்சார். “சரி, சாப்பிட்டுட்டுப் போ.” ரெண்டு இட்லி.

எச்.எம். ரூம். மேடம் கதவைச் சாத்த எழுந்தாங்க.

“திறந்தே இருக்கட்டும் மேடம். வெளிய அந்தோணி சார் உட்கார்ந்திருக்கார், நான்தான் வரச் சொன்னேன். அவருக்கும் கேக்கணும்.”

நின்னுக்கிட்டே சொன்னேன். நாள், நேரம், எடுத்தவர் பேர். குரல் நடுவுல நிக்கல.

“அவங்களே போயிட்டாங்க. இப்ப எதுக்கு டீச்சர் இதெல்லாம்?”

“அவங்க மேல எழுதினது இன்னும் ஃபைல்ல இருக்கு மேடம்.”

எழுத்துல கேட்டாங்க. அங்கேயே உட்கார்ந்து ரெண்டு பக்கம் எழுதி, கையெழுத்து. நாளையிலிருந்து வர வேணாம், கூப்பிட்டா வந்தாப் போதும்னாங்க. நகலை மடிச்சு வாங்கிக்கிட்டேன்.

வெளிய அந்தோணி சார். நன்றின்னு சொல்லல. மன்னிச்சேன்னும் சொல்லல. “கல்லறைக்குப் போறேன். வரீங்களா? அவகிட்ட நீங்களே வாசிச்சுடுங்க.”

போனோம். மதிய வெயில். யாருமில்ல.

வாசிச்சேன். ரெண்டு பக்கமும்.